ஸ்டீராய்டு எடுக்கும் புற்றுநோயாளிகளும் தொற்றுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோயாளிகளுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, முகம் உப்புவதையும் சர்க்கரை ஏறுவதையும் விரிவாகச் சொல்லிவிட்டு, உடலின் எதிர்ப்பாற்றல் குறையும்போது புகுந்து உயிரையே பறிக்கக்கூடிய சந்தர்ப்பவாதத் தொற்றுகளை ஒரே வரியில் கடந்துவிட்டது. பல ஆண்டுகள் மருந்தாளுநராகப் பணிபுரிந்தவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன்.

கீமோதெரபி எடுப்பவருக்கு எதிர்ப்பாற்றல் குறையும் என்பது பலருக்கும் தெரியும். மூளைக் கட்டியைச் சுற்றியுள்ள வீக்கம் வடிவதற்காக டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குபவருக்கும் அதே ஆபத்து உண்டு என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்னும் மற்றொரு ஸ்டீராய்டின் ஏறத்தாழ 25 மில்லிகிராமுக்குச் சமம். பிரட்னிசோலோன் கணக்கில் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ நான்கு வாரங்களுக்குத் தொடர்ந்தால், நியூமோசிஸ்டிஸ் என்னும் பூஞ்சையால் வரும் நிமோனியாவுக்கு முன்தடுப்பாகக் கோ-டிரைமாக்சசோல் தருவதைப் பற்றி மருத்துவர் யோசிக்க வேண்டும். விலை குறைந்த, பழைய மாத்திரைதான் அது. இந்த நிமோனியா பெரும்பாலும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டு வரும் நாட்களில், அதாவது எல்லோரும் நிம்மதி அடையும் நேரத்தில், வறட்டு இருமலும் மூச்சிரைப்புமாகத் தலைகாட்டுகிறது. ஸ்டீராய்டு காய்ச்சலையும் அமுக்கிவிடுவதால், உடம்பு சுடவில்லையே என்று வீட்டார் இருந்துவிடுவதும் உண்டு.

வெறுங்காலோடு வயலில் உழைத்தவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. தோல் வழியே புகும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு, குடலில் பத்தாண்டுகளுக்கு மேலும் சத்தமின்றித் தங்கியிருந்து, ஸ்டீராய்டு தொடங்கிய பின் கட்டுக்கடங்காமல் பெருகி, குடல் கிருமிகளையும் இரத்தத்துக்குள் கொண்டுசேர்க்கலாம். ஐவர்மெக்டின் கொடுத்து இதை முன்கூட்டியே தடுக்க முடியும். உறங்கிக் கிடக்கும் காசநோயும் ஹெபடைட்டிஸ் பி கிருமியும்கூட இப்படி விழித்தெழக்கூடியவையே. அதற்கான பரிசோதனைகளைச் சிகிச்சைக்கு முன்பே செய்துகொள்ளலாம். கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021இல், கருப்புப் பூஞ்சை வாட்டியபோது ஸ்டீராய்டைப் பற்றி ஊரே பேசியது. பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

இதைப் படித்து அஞ்சி, எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பல வாரம் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உடலுக்கு வேண்டிய இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மருத்துவமனைகள் தரும் டிஸ்சார்ஜ் சீட்டில், ஸ்டீராய்டை எந்த நாள்வரை, எந்த அளவில் குறைக்க வேண்டும், தடுப்பு மாத்திரை தேவையா, எந்த அறிகுறி தென்பட்டால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே வர வேண்டும் என்பவற்றைத் தமிழில் அச்சிட்டுத் தருமாறு சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். பழைய சீட்டைக் காட்டி டெக்சாமெத்தசோன் கேட்பவருக்கு அட்டை அட்டையாக எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கடைகளையும் அத்துறை கண்காணிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.