ஒரே பந்தி, ஒரே டம்ளர்: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வியாசர்பாடியில் உள்ள எங்கள் பட்டறையில் பர்மனென்ட், கான்ட்ராக்ட் என்ற பேதம் பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக உட்கார வழிசெய்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி கேன்டீன் அக்காவுக்கு. பர்மனென்ட் ஆளுக்கு எவர்சில்வர் டம்ளர், கான்ட்ராக்ட் ஆளுக்குப் பேப்பர் கப் என்ற வழக்கத்தை நிறுத்தியவர் அவர்தான். டம்ளர் குறைந்தால் பேப்பர் கப் மறுபடி யார் கைக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஆள் கணக்குக்கு மேல் 10 டம்ளர் வாங்கவைத்தார். தொட்டிக்கு இரண்டு குழாய் போடச் சொன்னதும் அவரே. ஒரே குழாய் என்றால் கழுவ வரிசை நிற்கும், வரிசை நின்றால் பேப்பர் கப் தானாகத் திரும்பி வரும்.

அடுத்து ஷிப்ட் சூப்பர்வைசர் அண்ணனுக்கு. லேத்துக்கு ஒரு பந்தி, லோடிங்குக்கு ஒரு பந்தி என்று பிரிப்பது சுலபம். ஆனால் லோடிங்கில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கான்ட்ராக்ட். இரு தரப்பும் முகம் பார்க்காமலே மாதம் ஓடிவிடும். அவர் ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேரை 12.30-க்கும் மீதிப் பேரை 1.10-க்கும் அனுப்புகிறார். ஆளுக்கு முழுசாக 40 நிமிடம். சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது பெரம்பூர் மில் தொழிலாளர்களின் பழைய குறைகளில் ஒன்று. அவர்களுக்காக 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்த வட்டாரத்தில் சாப்பாட்டு நேரத்தைச் சின்ன விஷயம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

எச்சரிக்கைப் பலகைகளை ஒடியாவிலும் இந்தியிலும் எழுதித் தந்த வெல்டிங் தம்பிகளுக்கும் நன்றி. எழுதியதோடு விடாமல், புதிதாக வந்தவரை வாய்விட்டுப் படிக்கவைத்து, எமர்ஜென்சி பட்டனைக் கையால் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். புது ஆளுக்கு முதல் வாரம் இரண்டு துணை: பாஷை தெரிந்த ஒருவர், அதே மெஷினில் நிற்கும் உள்ளூர்க்காரர் ஒருவர். அவரவர் சொந்த ஊர்க்காரரை மட்டும் துணைக்கு விட்டால் அவர்கள் தனிக் கூட்டமாகவே இருந்துவிடுவார்கள்.

நலநிதி நோட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கவுண்ட்ஸ் தங்கச்சிக்கு நன்றி. மாதம் 50 ரூபாய் சந்தா. கான்ட்ராக்ட் சம்பளம் கைக்கு வந்த பிறகே வசூல். முன்னாலேயே கேட்டால் கொடுக்க முடியாதவர் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார். பணம் எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும், அதில் ஒன்று கான்ட்ராக்ட் தரப்புடையது. பலகையில் பெயர் மட்டும் இருக்கும், தொகை இருக்காது.

ஆயுத பூஜைப் படையலைப் பட்டப்பகலில் முடித்தால் இரவு ஷிப்டுக்குக் காலிப் பாத்திரம்தான் மிஞ்சும். பூஜையை ஷிப்ட் மாறும் நேரத்துக்குத் தள்ளிவைக்கச் சம்மதித்த நிர்வாகத்துக்கும், பொரி, பொட்டுக்கடலையை இரண்டு பங்காகக் கட்டித் தந்த மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி.

இப்படிக்கு,
தொழிலாளர் நலக் குழுவினர்,
வியாசர்பாடி