பழைய பாலப் படங்களை லமினேற் செய்யாதீர்கள்

ஆசிரியருக்கு,

முல்லைத்தீவு வட்டுவாகலில் புதிய பாலத்தின் வேலை 2025 செப்டெம்பரில் தொடங்கிய பிறகு, வன்னியில் பழைய பாலங்களின் படங்களுக்கு ஒரு மவுசு வந்திருக்கிறது. அலுமாரிக்குள் கிடந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் வாசிகசாலைச் சுவருக்கு வருகின்றன. வரட்டும். ஆனால் வருகிற வழியில் லமினேற் மெசினுக்குள் போன படம் அத்தோடு முடிந்தது.

அந்த மெசினின் சூடு 100 பாகை செல்சியசைத் தாண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பரப்பு ஜெலற்றின். எலும்பும் தோலும் காய்ச்சி எடுக்கிற அதே பசைச் சாமான். அதற்குள் இருக்கும் வெள்ளித் துகள்தான் நமக்குப் படமாகத் தெரிகிறது. அதன்மேல் பிளாஸ்ரிக் உருகி ஒட்டினால் பிறகு பிரிக்க வழியே இல்லை. போதாக்குறைக்கு, உறைக்குள் அடங்கவில்லையென்று வெள்ளை விளிம்பையும் கத்தரித்துவிடுகிறார்கள்.

பத்திரிகைக்காக எடுத்த படமென்றால் பின்பக்கத்தில்தான் பாதிப் பெறுமதி. தட்டச்சில் அடித்து ஒட்டிய விளக்கத் துண்டு, ரப்பர் முத்திரை, பென்சில் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்க ஓரத்தில் மெழுகுப் பென்சில் கோடு தெரிந்தால், அது பக்கத்தில் அடங்கும்படி எங்கே வெட்டுவதென்று பத்திரிகைக் கந்தோரில் போட்ட அடையாளம். தூணுக்குப் பின்னால் வானத்தில் வெள்ளைச் சாயம் பூசியிருந்தால் அதுவும் அச்சுக்காகச் செய்ததே. அழுக்கென்று துடைக்க வேண்டாம். முத்திரையில் உள்ள திகதி பெரும்பாலும் படம் பிரசுரமான நாள், அல்லது கோப்பில் சேர்ந்த நாள். எடுத்த நாள் அதற்கு எவ்வளவோ முந்தியதாக இருக்கலாம்.

இனி, ஊர்ப் பெயர். ‘மன்னார்ப் பாலம் திரும்பக் கட்டப்படுகிறது’ என்று பேனையால் எழுதிய படம் கைக்கு வந்தால் உடனே நம்பிவிடக் கூடாது. 1964 டிசெம்பர் சூறாவளி, இந்தியக் கரையில் இராமேசுவரத்துக்குப் போகும் பாம்பன் ரயில் பாலத்தைச் சிதைத்தது. 46 நாளில் அதைத் திருத்தி முடித்தார்கள். கடல், தூண்கள், தண்டவாளம் என்று பார்வைக்கு அதுவும் மன்னார் போலவே இருக்கும். பிரித்தறியத் தண்டவாளத்தைப் பாருங்கள். பாம்பனில் 2007 வரை மீற்றர் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு இடையில் 1000 மி.மீ. தலைமன்னார்ப் பாதை 1676 மி.மீ. பாதையின் நடுவே ஓர் ஆள் நிற்கிற படமென்றால் ஓர் அடிமட்டம் போதும். ஆளின் உயரத்தைச் சுமார் 1650 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, அவருடைய பாதம் பதிந்த அதே கோட்டில் தண்டவாள இடைவெளியை அளக்க வேண்டும். இடைவெளி ஆளுயரத்துக்குக் கிட்ட வந்தால் நம்முடைய பாதை. ஐந்தில் மூன்று பங்குதான் வந்தால் பாம்பன். கோடு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கணக்குப் பிழைக்கும். நடுவில் இரு இறக்கையாக மேலெழும் இரும்புத் துண்டு தெரிந்தால் அளக்கவே வேண்டாம், அது பாம்பன்தான்.

மன்னார்த் தெருப் பாலம் 1930இல் கட்டப்பட்டது, 1990இல் தகர்ந்தது, புதியது 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஆகவே தெருப் பாலத்துக் கட்டுமானத்தின் கறுப்பு வெள்ளைப் படம் 1930ஐ ஒட்டியதாக இருக்க வேண்டும். இதைச் சோதிக்கக் கடையில் காசுத்தாள் பார்க்கிற ஊதா விளக்கு உதவும். படக் கடதாசியில் வெண்மையூட்டி சேர்க்கத் தொடங்கியது 1950களில். இருட்டில் அந்த விளக்கின்கீழ் வெள்ளை விளிம்பு நீலமாக மின்னினால், காட்சி பழையதாக இருந்தாலும் அந்தப் பிரதி பின்னாளில் அடித்தது. மின்னவில்லை என்பதற்காகப் பழையதென்று முடிவுகட்டவும் கூடாது. வெண்மையூட்டி இல்லாத கடதாசி பிறகும் இருந்தது. பின்பக்கம் பிளாஸ்ரிக் போல வழுக்கினால் பெரும்பாலும் 1970க்குப் பிந்தியது. பூதக்கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்படமே அல்ல, அச்சுப் பக்கத்திலிருந்து வெட்டியது.

பெய்லிப் பாலம், அதாவது ஒரே அளவான இரும்புச் சட்டத் துண்டுகளைப் பூட்டி அமைக்கிற பாலம், தெரியும் படமென்றால் நீளத்தை எண்ணியே சொல்லலாம். பக்கச் சட்டத்தின் ஒவ்வொரு துண்டும் 10 அடி. 12 துண்டென்றால் 120 அடி. 1940க்கு முந்திய திகதி எழுதிய படத்தில் பெய்லி நின்றால் திகதி பிழை.

டித்வா சூறாவளி வெள்ளத்தில் படங்கள் நனைந்த வீடுகள் பல. கட்டாக ஒட்டிக்கொண்டு காய்ந்த படங்களை உரிக்கப் பார்க்காதீர்கள், அடியில் உள்ள படத்தின் ஜெலற்றின், மேலே உள்ள படத்தோடு கிளம்பிவிடும். இனியொரு தடவை நனைந்தால் 48 மணித்தியாலத்துக்குள், ஈரத்தோடேயே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தானாகக் கழல்வதை மட்டும் பிரித்து, முகம் மேலே இருக்க நுளம்பு வலையில் நிழலில் பரப்ப வேண்டும். நனைந்த மேற்பரப்பு பாலாடை மாதிரி, விரல் பட்டால் வழுகும். வெயில் ஆகாது, சுருண்டுவிடும்.

சுவருக்குப் பிரதி போதும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் செய்து பிரதி அடியுங்கள். அசலையே சட்டம் போடத்தான் வேண்டுமென்றால் கண்ணாடி படத்தில் முட்டாதபடி இடையில் மட்டைச் சட்டம் வையுங்கள். மாரி ஈரத்தில் ஜெலற்றின் கண்ணாடியோடு ஒட்டும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காமல் கண்ணாடியோடேயே ஸ்கான் செய்யலாம். ஓரங்களில் ஏறும் நீல வெள்ளிப் பளபளப்பையும் தேய்க்க வேண்டாம், தேய்த்தால் போவது படத்தின் வெள்ளிதான். அசல் சாதாரண வெள்ளைக் கடதாசி உறைக்குள், நிலத்திலிருந்து உயர்த்திய பெட்டியில் இருக்கட்டும். பசை பூசிய பக்கங்கள் உள்ள அல்பம் வேண்டாம். குறிப்பை, படத்தை வைக்குமுன் உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். பேனை அழுத்தினால் தடம் மறுபக்கம் புடைக்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர் அனுப்பும் பழைய பாலப் படங்களைப் பிரசுரிக்கும்போது அசலின் அளவையும், பின்பக்கத்தில் உள்ள எழுத்தையும் எழுத்துப் பிசகாமல் படத்தின்கீழ் ஒரு வரியில் போடுங்கள். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லையென்றால் ‘ஒன்றும் இல்லை’ என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
பழம்படம் பேணும் வாசகர்கள்,
மன்னார்.