டெலவேரில் தலைக்கணக்கு வேறு, ஓட்டுக்கணக்கு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கத் தேர்தல் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், டெலவேர் மாநிலத்தின் மூன்று கவுன்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 'வாக்காளர் எண்ணிக்கை' என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. நியூ காசில் 5,70,719, சசெக்ஸ் 2,37,378, கென்ட் 1,81,851. இவை 2020 சென்சஸில் எண்ணிய மொத்தத் தலைகள். தொட்டில் குழந்தையும் இதில் சேர்த்தி. ஓட்டுப் போட 18 வயது ஆகியிருக்க வேண்டும், அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும்.

அந்த சென்சஸில் பத்து லட்சம்கூடத் தேறாத மாநிலத்தில் இதனால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். கழிக்க வேண்டியது கவுன்டிக்குக் கவுன்டி மாறுகிறதே! நான் இருப்பது நியூ காசிலில். பக்கத்து வீட்டில் ஒரு மதுரைக் குடும்பம். கணவன், மனைவி இருவரும் வேலை விசாவில் வந்து கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார்கள். பையன் இங்கேயே பிறந்த குடிமகன்தான், படிப்பதோ மூன்றாம் வகுப்பு. சென்சஸுக்கு மூன்று பேர், ஓட்டு சைபர்.

தெற்கே சசெக்ஸில் கதை வேறு. சொத்து வரி குறைவு, மாநிலம் முழுக்கவே விற்பனை வரி கிடையாது, போதாததற்கு ரெஹோபத் கடற்கரை. ஓய்வு பெற்றவர்கள் வந்து குவிகிறார்கள். 2010க்கும் 2020க்கும் நடுவில் அங்கே மக்கள்தொகை 20 சதவீதம் ஏறியது. எங்கள் பக்கம் 6தான். அப்படி வருகிறவர்கள் அநேகமாகக் குடிமக்கள், தவறாமல் ஓட்டுப் போடுகிற வயது. ஆனால் அதே சசெக்ஸின் ஜார்ஜ்டவுனில், கோழி இறைச்சி ஆலைகளை நம்பிக் குடியேறிய குவாத்தமாலாக்காரர்களில் பலருக்கு ஓட்டு இல்லை. கென்டில் டோவர் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்குள்ள வீரர்கள் ஓட்டைச் சொந்த மாநிலத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

சட்டமன்றத் தொகுதி பிரிக்கத் தலைக்கணக்குதான் அடிப்படை, அதை மறுக்கவில்லை. முன்பு அதுகூட இல்லை. 1897 அரசியல் சட்டம் கீழவையின் 35 இடங்களில் கென்டுக்கும் சசெக்ஸுக்கும் பத்துப் பத்து கொடுத்தது. 1960இல் மாநிலத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஏழு பேர் வசித்த நியூ காசிலுக்கு 15தான்! 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் இந்தக் கூத்து முடிந்தது.

சரி, அடுத்த முறை 18 வயது தாண்டிய குடிமக்கள் எத்தனை, வாக்காளராகப் பதிவு செய்தவர்கள் எத்தனை என்று தனித்தனியாகப் போடுங்கள். முதலாவது, சென்சஸ் பீரோவின் மாதிரிக் கணக்கெடுப்பில் கவுன்டி வாரியாகக் கிடைக்கும். இரண்டாவதை மாநிலத் தேர்தல் துறையே வெளியிடுகிறது. அதை மட்டும் வைத்தும் எழுதிவிடாதீர்கள். ஊரை விட்டுப் போனவர்கள் பெயர் கொஞ்ச காலம் பட்டியலில் கிடக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நியூவார்க், டெலவேர்