கோடை விடுமுறைக்கு ஒரு படம் எடுத்துத் தாருங்கள்: தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் வணக்கம்.

தென்காசிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்துகிற ஆசிரியை நான். சினிமாத் துறையில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சிறார் படம் திரையிடுகிறார்கள். எங்கள் பள்ளியில் அந்த வேலை என் கைக்கு வந்தது. ஜன்னல்களைப் போர்வையால் மறைத்து, பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்துப் படத்தைப் போடுவேன். முடிந்ததும் அவர்களைப் பேசவிடுவோம். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த ஆசைதான் இந்த மடல்.

ஒருமுறை முழுப் பரீட்சை முடிந்த சமயத்தில் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டேன். விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் போகும் நான்கு பிள்ளைகள், கடலோரக் குகையில் கடத்தல்காரர்கள் சரக்குப் பதுக்குவதைக் கண்டுபிடிக்கும் கதை. வசனம் வேற்று மொழி. கீழே ஓடுகிற ஆங்கில வரியை எங்கள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால் நான் டி.வி. பக்கத்தில் நின்று கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இருபது நிமிடம் போயிருக்கும். "டீச்சர், நீங்க பேசாதீங்க, எங்களுக்கே புரியுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சரி என்று நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது படத்தை அல்ல, பிள்ளைகளின் முகங்களை. மணலில் டயர் தடம் இருப்பதைப் படத்தில் வரும் பிள்ளைகள் கவனிப்பதற்கு முன்பே எங்கள் பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள். "அங்க பாரு, அங்க பாரு" என்று கத்தியவன், வகுப்பில் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாய் திறக்காத பையன். கடத்தல்காரன் படியிறங்கி வரும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவனைக் குகைக்குள் வைத்துப் பூட்டியதும் எழுந்த கைதட்டலைக் கேட்டுத் தலைமை ஆசிரியரே எட்டிப் பார்த்தார்.

விளக்கைப் போட்ட பிறகு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், தமிழ்ல இந்த மாதிரி ஒரு படம் சொல்லுங்க." நான் யோசித்து 'காக்கா முட்டை' என்றேன். "அது பாத்துட்டோம் டீச்சர். நல்லாதான் இருக்கும். ஆனா அது வேற. இதுல திருடனைப் பிள்ளைங்களே பிடிக்காங்க" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவு முழுக்க நினைவில் தேடிப் பார்த்தேன். தமிழ்ப் படங்களில் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. தேசிய விருது வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கதையில் குற்றவாளி வந்துவிட்டால் பிள்ளையின் வேலை பெரும்பாலும் கடத்தப்படுவதுதான். கட்டிப்போட்ட நாற்காலியில் அழுதுகொண்டிருக்கும். கதாநாயகன் கதவை உடைத்துக்கொண்டு வருவார். அந்தப் பிள்ளை முடிச்சை அவிழ்க்கப் பார்த்ததா, வண்டி எத்தனை முறை திரும்பியது என்று எண்ணிக்கொண்டு வந்ததா, ஜன்னல் வழியாகக் கேட்ட ரயில் சத்தத்தை வைத்து இடத்தைக் கணித்ததா? நாம் கேட்பதே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை கேட்கிறது. நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இது நம்மால் முடியாத காரியம் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் 1988-லேயே செய்துவிட்டார்கள். டென்னிஸ் ஜோசப் இயக்கிய 'மனு அங்கிள்' சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது வாங்கிய மலையாளப் படம். மம்மூட்டி நடித்தார், மோகன்லால் ஒரு காட்சியில் தலைகாட்டினார். அவ்வளவு பெரிய நட்சத்திரங்கள் இருந்தும் துப்பின் பின்னால் அலைந்து ஓடுகிறவர்கள் பிள்ளைகள்தான். பெரிய நடிகர் ஒருவர் பிள்ளைகளுக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றார். நம் நடிகர்களில் அப்படி நிற்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

அதற்கும் முன்னால், 1974-ல் வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் 'சோனார் கெல்லா' எடுத்தார். முற்பிறவி நினைவு வந்ததாகச் சொல்லும் ஒரு சிறுவன், அவன் சொல்லும் கோட்டையில் புதையல் இருக்கும் என்று நம்பி அவனைத் தேடி வரும் இரண்டு மோசடிக்காரர்கள். முதலில் அதே பெயருள்ள வேறொரு பையனைத் தவறாகத் தூக்கிவிடுவார்கள். துப்பறிகிறவர் பெரியவர்தான், ஆனால் கூடவே அவருடைய தம்பி முறையாகும் பையன் ஒருவன் வருகிறான். படம் பார்க்கும் பிள்ளை அவன் தோளோடு தோளாக நின்று எல்லாவற்றையும் பார்க்கிறது. ராஜஸ்தான் பாலைவனம், ரயில், ஒட்டகத்தில் ஏறி ரயிலைத் துரத்துவது, ஜெய்சால்மர் கோட்டை. அந்தப் படத்துக்குப் பிறகு வங்காளக் குடும்பங்கள் விடுமுறைக்கு அந்தக் கோட்டையைத் தேடிப் போக ஆரம்பித்தன. அதைத் தயாரித்தது யார் தெரியுமா? மேற்கு வங்க அரசு. சிறார் படத்துக்குப் பணம் யார் போடுவார்கள் என்று உங்களில் யாராவது கேட்டால், இந்த ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு நம் அரசின் கதவைத் தட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

பிரிட்டனில் இதை ஓர் ஏற்பாடாகவே வைத்திருந்தார்கள். 1951-ல் சிறுவர் திரைப்பட அறக்கட்டளை ஒன்று தொடங்கினார்கள். தியேட்டர் டிக்கெட்டிலிருந்து எடுத்த ஒரு சிறு தீர்வையின் பங்கு அதற்குப் போனது. சனிக்கிழமைக் காலைக் காட்சிகளுக்காக ஒரு மணி நேரத்தை ஒட்டிய படங்களைச் சிக்கனமாக எடுத்தார்கள். செட் போடுவதைவிட நிஜத் தெருவும் துறைமுகமும் பண்ணையும்தான் அதிகம். திருடர்கள், கடத்தல்காரர்கள், அவர்களை மடக்கும் பிள்ளைகள்: எத்தனையோ படங்களில் இதுதான் கதை. அதன் முதல் தலைமை நிர்வாகியான மேரி ஃபீல்ட் அம்மையார், இருட்டில் படம் பார்க்கும் பிள்ளைகளின் முகங்களை அகச்சிவப்புக் கேமராவில் படம் பிடித்து, எங்கே பயப்படுகிறார்கள், எங்கே சலித்துப்போய்க் கொட்டாவி விடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஜன்னலில் போர்வை கட்டிவிட்டு நான் பார்ப்பதும் அதே முகங்களைத்தானே. 1985-ல் அந்தத் தீர்வை நின்றுபோனது, படங்களும் குறைந்துபோயின.

நம் நாட்டிலும் 1955-ல் சிறுவர் திரைப்படக் கழகம் வந்தது. இப்போது அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஒரு மணி நேரப் படம் என்றேன் இல்லையா, அது பள்ளிக்கு எவ்வளவு பொருத்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பாடவேளையைச் சேர்த்துக்கொண்டால் படமும் முடியும், பேச்சும் முடியும். இரண்டரை மணி நேரப் படத்தை நாங்கள் பாதியில் நிறுத்தி மறுநாள் போட வேண்டியிருக்கிறது. துப்பறியும் கதையைப் பாதியில் நிறுத்தினால் பிள்ளைகள் தூங்குவார்களா? பாட்டு வேண்டாம். வெளிநாட்டு லொகேஷன் வேண்டாம். அப்புறம், தயவுசெய்து பிள்ளைகள் வாயில் பெரியவர்களின் பஞ்ச் வசனத்தை வைக்காதீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட நன்றாகப் பேசத் தெரியும்.

கதைக்கு எங்கே போவது என்ற கவலையும் வேண்டாம். நம் ஊரின் குற்றங்களே போதும்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் நடமாட்டம் குறைந்த, பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயில். உள்ளே இருந்த நடராசரைத் திருடிக் கடல் கடத்திவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் அதை விலை கொடுத்து வாங்கியது. அது நம்முடைய சிலைதான் என்று நிரூபிக்க உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பத்திரமாக இருந்த பழைய புகைப்படங்கள். 2014-ல் அந்நாட்டுப் பிரதமரே சிலையைக் கொண்டுவந்து ஒப்படைத்தார். இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள். மே மாத விடுமுறைக்கு ஆச்சி வீட்டுக்கு வந்த நான்கு பிள்ளைகள். ஊர்க்கோடியில் ஒரு பழைய கோயில். பூட்டு புதிதாக இருக்கிறது, கதவு பழையதாக இருக்கிறது. தாத்தாவின் தகரப் பெட்டியில் அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று. அதில் இருக்கும் சாமியின் விரலும் இப்போது கோயிலில் இருக்கும் சாமியின் விரலும் ஒன்றுபோல இல்லை. இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை, நீங்கள் கதை தெரிந்தவர்கள். சிலைக் கடத்தலைத் தடுக்கக் காவல்துறையில் 1983-லிருந்து தனிப் பிரிவே இருக்கும் மாநிலம் இது. அந்தப் பிரிவிலிருந்து ஓர் அத்தை கடைசியில் ஜீப்பில் வந்து இறங்கினால் என் பெண் பிள்ளைகள் எப்படிக் கைதட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடலோரம் வேண்டுமா? மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை பிடிக்க 2001 முதல் தடை. ஆனாலும் பிடித்துக் காயவைத்து மூட்டை கட்டிக் கடத்துகிறார்கள்; செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோம். ராமேசுவரத்துக்குச் சித்தப்பா வீட்டுக்கு வந்த ஒரு பையன், கரையில் வளர்ந்த ஒரு பெண். அவளுக்குக் காற்றும் நீரோட்டமும் தெரியும், அவனுக்கு ஒன்றும் தெரியாது. மலை வேண்டுமென்றால் எங்கள் குற்றாலமே இருக்கிறது. சாரல் காலத்தில் வந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஒரு பயம் வரும், வர வேண்டியதுதான். பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு நிஜத் திருடன் பின்னால் ஓடினால்? இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் நான், எனக்கும் அந்தப் பயம் உண்டு. இந்த வகைப் படங்களில் நல்லவற்றைக் கவனித்துப் பார்த்தால், பிள்ளைகள் அடித்து ஜெயிப்பதில்லை. பார்த்து வைக்கிறார்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள், ஒருவரையொருவர் விட்டுப் போவதில்லை, சரியான நேரத்தில் நம்பத் தகுந்த ஒரு பெரியவரிடம் சொல்கிறார்கள். அந்தப் பெரியவர் முதலில் நம்புவதில்லை. அந்த இடம்தான் எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுகிறது. உண்மை சொன்ன பிள்ளையைப் பெரியவர்கள் நம்பாமல் போவது எங்கள் வகுப்பறைகளுக்குப் புதிதல்ல. "டீச்சர், நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்று ஒரு பிள்ளை என்னிடம் சொல்லிய பிறகுதான் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் அழியாமல் எழுதிவைத்தேன். நம்பாத பெரியவரிடம் மறுபடியும் போய், இந்தத் தடவை ஆதாரத்தோடு சொல்லலாம் என்று ஒரு படம் காட்டினால், நான் நடத்தும் எந்தப் பாடத்தையும்விட அது ஆழமாகப் பதியும்.

வில்லனைக் கோமாளி ஆக்கிவிடாதீர்கள். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறவனைப் பிடிப்பதில் பிள்ளைகளுக்கு என்ன பெருமை? கொஞ்சம் பயமாகத்தான் இருக்க வேண்டும். நன்றாகச் சிரித்துப் பேசி, மிட்டாய் வாங்கிக் கொடுத்து, ஊரே மதிக்கிற ஒருவராக இருக்கட்டும். அப்படிப்பட்டவர்களைத்தான் பிள்ளைகள் அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

பெண் பிள்ளைகளைத் துணைக்கு வைத்து அனுப்பிவிடாதீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருகிற பெண்களுக்கு ஒவ்வொரு குறுக்குப் பாதையும் எந்த நேரத்தில் யார் அங்கே நிற்பார்கள் என்பதும் தெரியும். அந்த அறிவைக் கதையில் ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள்.

ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடும்போது பிள்ளைகள் கையில் கொஞ்சம் காசு இருக்கும், மனதில் நிறைய இடம் இருக்கும். சிறிய ஊர்த் தியேட்டர்களில் காலைக் காட்சிக்கு ஆள் இருப்பதில்லை. அந்தக் காட்சியைக் குறைந்த டிக்கெட்டில் ஒரு வாரம் எங்களுக்குத் தாருங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதே படத்தைப் பள்ளிகளில் திரையிடக் கேளுங்கள். எங்கள் பிள்ளைகளை நானே கூட்டிவருகிறேன், பஸ்ஸுக்குப் பெற்றோரிடம் பேசிக்கொள்கிறேன்.

அந்த ஏழாம் வகுப்புப் பெண் இப்போது எட்டாம் வகுப்பு. இந்த முறையும் பரீட்சை முடிந்த அன்று வந்து, "டீச்சர், தமிழ்ல ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்டாள். கேட்டு எழுதியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நம்பிக்கையுடன்,
தென்காசி மாவட்டத்து ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை