சால்வடாரைக் கட்டிய கைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பிதழில் பிரேசிலின் சால்வடார் நகரம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். "போர்த்துகீசியர் தம் கையால் இழைத்த நகரம்" என்ற வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. அங்கே கல் சுமந்த கைகள் யாருடையவை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டி இறக்கப்பட்டவர்களுடைய கைகள். 1888 வரை அங்கே அடிமைமுறை சட்டப்படியே நடந்தது. 1835-இல் அந்தத் தெருக்களில் ஆப்பிரிக்க முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்ததற்கு ஒரு வரிகூடவா இடமில்லை?

கப்பலில் வேலை பார்த்த காலத்தில் அந்தத் துறைமுகத்தில் பலமுறை இறங்கியிருக்கிறேன். நீங்கள் பெரிதாகப் படம் போட்டிருக்கும், நகரின் பழைய பகுதியான பெலோரின்யோவின் நீல நிறத் தேவாலயத்தில் செவ்வாய்க்கிழமை மாலைப் பூசையும் கண்டிருக்கிறேன். பாட்டோடு ஆப்பிரிக்க முரசுகள் முழங்கும். 18ஆம் நூற்றாண்டில் கறுப்பின மக்களின் ஜெபமாலை மாதா சபை எழுப்பிய கோயில் அது. எசமானுக்கு உழைத்தது போக மிஞ்சிய நேரத்தில் கட்டினார்கள். அந்தப் படத்தின் கீழே "போர்த்துகீசியக் கலைநயம்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

தெருமுனையில் வெள்ளை உடுத்தி அக்கராஜே விற்கும் பெண்களை "அழகுப் பதுமைகள்" என்று எழுதியதும் வருத்தம்தான். காராமணியை ஊறவைத்து, தோல் நீக்கி, வெங்காயத்தோடு அரைத்து, செம்பனை எண்ணெயில் வடை போலப் பொரித்து, நடுவே பிளந்து காய்ந்த இறால் வைத்துத் தருவார்கள். அந்த அடுப்புச் சூட்டில் நாள் முழுக்க உட்கார்ந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மாக்களை நான் அறிவேன். இந்தத் தொழிலையே பிரேசில் அரசு 2005-இல் தேசியப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்திருக்கிறது.

முன்பு ஒருமுறை விநாடி வினா பகுதியில் பிரேசிலின் முதல் தலைநகர் ரியோ என்று போட்டீர்கள். 1549 முதல் 1763 வரை சால்வடார்தான் தலைநகர் என்று எழுதினேன், கடிதம் வெளிவரவில்லை. அப்புறம் கால்பந்து உலகக் கோப்பை சமயத்தில் போர்த்துகீசிய மொழி பேசும் பிரேசில்காரர்களை ஸ்பானிஷ் பேசவைத்தீர்கள். அதற்கும் எழுதினேன், பதிலில்லை. சரி, பத்திரிகை அலுவலகத்தில் ஆயிரம் வேலை இருக்கும் என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் உழைத்தவர்களின் பெயரையே எடுத்து வேறொருவருக்குச் சூட்டுவதை எப்படிப் பொறுப்பது?

வரும் ஞாயிறு இதழில் அந்தப் படக்குறிப்பை மட்டுமாவது திருத்தி, கோயிலைக் கட்டியவர்கள் யார் என்று ஒரு வரி வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்
(ஓய்வுபெற்ற கப்பல் பணியாளர்)