அது எங்கள் பிள்ளையின் கை இல்லை

நீர்வேலி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நான் சுகம். நீயும் மருமகனும் குட்டியும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை மன்றாடுகிறேன். மூன்று நாளாக விடாத மழை. வாழைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. பின்வளவு வேலி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. முன்வீட்டுத் தம்பி வந்து முட்டுக்கொடுத்தான். இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பப்போகிறவனும் அவன்தான்.

போன கிழமை நீ போனில் அழுதழுது வாசித்துக் காட்டினாய். அண்ணாவுக்கு நீ இணையத்தில் செய்துவைத்த நினைவுப் பக்கத்தின் கீழே சுவிஸிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார் என்றாய். அண்ணா செத்த பூநகரிச் சண்டைக்கு முதல் எட்டு மாதம் ஒன்றாக இருந்தவர்களாம். நல்லாகப் பாடுவானாம். இடக்கையால் பந்தை அடித்தால் ஒருவராலும் திருப்பி எடுக்க ஏலாதாம். கடலில் மீன் மாதிரியாம். காவலுக்குச் சென்றியில் நிற்கிற இரவுகளில் அம்மம்மாவைப் பற்றித்தான் கதைப்பானாம், தாயில்லாத பிள்ளையாம்.

நான் "சரி பிள்ளை, பேந்து கதைப்பம்" என்று போனை வைத்துவிட்டேன். நீ அந்தப் பக்கத்தை என்னைக் கேளாமல் செய்ததில் எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, ராசாத்தி. அந்த மனிதர் எழுதியிருப்பது எங்கள் பிள்ளையைப் பற்றி இல்லை. அதை அந்த நேரம் உன் அழுகைக்கு நடுவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணா புலிகள் இயக்கத்துக்குப் போகும்போது உனக்கு ஒன்பது வயது. அவன் எந்தக் கையால் எழுதினான் என்று நீ எங்கே கவனித்திருப்பாய்? 1976 விஜயதசமிக்குத் தட்டில் பச்சையரிசி பரப்பி, அப்பப்பாவின் மடியில் அவனை இருத்தி ஏடு தொடக்கினோம். அவன் விரலைப் பிடித்து எழுத வைத்தது அப்பப்பா. பக்கத்தில் இருந்து தட்டைப் பிடித்தது நான். வலக்கை. பிறகு நான் படிப்பித்த பள்ளிக்கூடத்திலேயே மூன்றாம் வகுப்பு வரை இருந்தான். எழுதினது, பந்து எறிந்தது, ஆட்டுக்குக் குழை முறித்தது எல்லாம் வலக்கையால்தான்.

ஆனாலும் மூன்று இரவு நான் அதை அவனாக்கிப் பார்த்தேன். பாடக் கூச்சப்படுகிறவன், தேவாரம் சொல்லச் சொன்னாலே கதவுக்குப் பின்னால் நிற்கிறவன், அங்கே போய்க் கூச்சம் தெளிந்திருக்கலாம். தோட்டக் கிணற்றுக்குள் குதித்துப் பழகினவன் கடல் நீச்சலும் பழகியிருக்கலாம். தாயில்லாத பிள்ளை என்ற இடத்தில்தான் எனக்கு நித்திரை போனது. உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1991இல் அவன் போவதற்கு முதல் நாள் இரவு எனக்கும் அவனுக்கும் பெரிய சண்டை. அவன் கதையில் இருந்தே எனக்கு விளங்கிவிட்டது. "நீ அங்கை போனால் எனக்குப் பிள்ளை இல்லை எண்டு நினைச்சுக்கொள்ளுவன்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் நிற்பான் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக அவன் அங்கே போய் எனக்கு அம்மா இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தானோ என்று மூன்று இரவு கிடந்து தவித்தேன்.

கடைசியில் அந்தக் கைதான் என்னை ஆற்றியது. பாட்டு மாறும், நீச்சல் வரும், கோபத்தில் தாயை இல்லை என்றும் சொல்லலாம். பதினெட்டு வயதில் கை மாறாது. அப்படிச் சொன்னவன் என் பிள்ளை இல்லை என்று ஆறுதலாக அழுதேன். அவனோடு இருந்த ஒருவர் கிடைத்தார் என்பதும் அதோடு போய்விட்டதே என்று திரும்பவும் அழுதேன்.

நடந்தது என்னவென்று எனக்கு விளங்குகிறது. நீ பக்கத்தின் மேலே அவனுடைய இயக்கப் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கிறாய். வீட்டுப் பெயர் கீழே சின்னதாக இருக்கிறது, ஊர் இல்லை. ஒரே இயக்கப் பெயரில் எத்தனையோ பிள்ளைகள் இருந்தார்கள். ஒருவன் போனபின் அந்தப் பெயரை வேறொருவனுக்கு வைப்பதும் நடந்தது. நீ போட்ட படமும் அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம், பெருப்பித்து முகம் கலங்கிப்போயிருக்கிறது. முப்பது வருடம் கழித்து ஒரு மனிதர் பெயரைக் கண்டு, அவசரத்தில் முகத்தையும் தன் சிநேகிதனின் முகமாக்கியிருக்கிறார். அவரில் குற்றம் சொல்லாதே. நானும் அதைத்தானே மூன்று இரவு செய்தேன்.

படம் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டாய். அப்போது, 1990இலிருந்து, இங்கே கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் பற்றரிக்கும் தடை. நீ ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளை, உனக்குத் தெரியும். பிலிம் சுருள் எங்கே கிடைத்தது? அதனால்தான் அண்ணாவுக்குக் கல்வெட்டும், செத்தவர் நினைவாக அச்சடிக்கிற அந்தச் சின்னப் புத்தகமும், அடிக்கவில்லை. அப்பப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு அடித்த கல்வெட்டு இன்னும் லாச்சிக்குள் இருக்கிறது. வம்சாவளி, அவர் கட்டின கேணி, யாரோடு கோவித்து யாரோடு சேர்ந்தார் என்பதுவரை, கடைசியில் திதி வெண்பா, எல்லாம் அதில் இருக்கிறது. எழுபத்தெட்டு வயதுக் கிழவருக்கு இருபத்தெட்டுப் பக்கம். இருபது வயதுப் பிள்ளைக்கு ஒரு துண்டுப் பிரசுரமும் ஒரு கல்லும்.

அந்தக் கல்லும் இல்லை. 1995 இடம்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது, இயக்கப் பிள்ளைகளைப் புதைத்த கோப்பாய்த் துயிலும் இல்லத்தை இராணுவம் இடித்து மட்டமாக்கியிருந்தது. 2002 சமாதான காலத்தில் திரும்பக் கட்டினார்கள். நானும் அப்பாவும் கார்த்திகைப்பூவோடு போனோம். பிறகு அதையும் இடித்து, 2011இல் அதன்மேல் இராணுவத்தின் 51ஆம் படைப்பிரிவின் தலைமையகம் வந்தது. மாவீரர் நாளான நவம்பர் 27 அன்று சனம் அதற்குப் பக்கத்துக் காணியில் நின்று விளக்கேற்றுகிறது. எனக்குக் கால் ஏலாது, இரண்டு வருடமாகப் போகவில்லை. பஸ் கோப்பாயைத் தாண்டும்போது மட்டும் அந்தப் பக்கத்து யன்னலோரம் இருந்துகொள்வேன்.

அதனால் நீ செய்த பக்கம் எனக்குப் பெரிய காரியம். ஒருவரும் புல்டோசர் விட ஏலாத இடத்தில் அவனுக்கு ஒரு இடம் செய்திருக்கிறாய். முதலில், விரலால் தொட்டால் எரிகிற மெழுகுதிரியைக் கண்டபோது மனம் ஒட்டவில்லை. பிறகு தம்பி கீழே இருந்த பெயர்களை வாசித்தான். ஒஸ்லோ, மெல்பேர்ண், ஒருவர் முல்லைத்தீவு. காலில்லாமல் வீட்டோடு இருக்கிற பழைய போராளி ஒருவர் தன் கதிரையில் இருந்தபடி ஏற்றியிருக்கிறார். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

குட்டி பள்ளிக்கூடத்தில் பொப்பிப் பூக் குத்திக்கொண்டு நிற்கிற படம் வந்தது. நவம்பர் 11, காலை 11 மணி. 1918இல் முதலாம் உலகப்போர் நின்ற நேரம் என்று உங்கள் நாட்டில் எல்லாரும் பேசாமல் நிற்பார்கள் என்றாய். பூநகரிச் சண்டை தொடங்கினதும் 1993 நவம்பர் 11தான் என்பதை நீ குட்டிக்குச் சொன்னாயா? நாங்கள் திகதியில் செய்வதில்லை, ஐப்பசித் தேய்பிறைத் திரயோதசியில் செய்கிறோம். தீபாவளிக்கு முதல் நாளிலோ அதற்கு முந்தின நாளிலோ அது வந்துவிடும். இந்த வீட்டில் இத்தனை வருடம் பலகாரச் சட்டி அடுப்பில் ஏறாதது அதனால்தான். பக்கத்தில் இரண்டையும் போடு, திகதியும் திதியும்.

குட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலையைப் பற்றி நீ சொன்னதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கனடா அரசாங்கமே இணையத்தில் ஒரு மெய்நிகர் போர் நினைவகம் வைத்திருக்கிறது, 1 லட்சத்து 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம், குடும்பத்தார் தங்களிடம் இருக்கிற படத்தையும் கடிதத்தையும் தாங்களே சேர்க்கலாம் என்றாய். வியட்நாம் போரில் செத்த அமெரிக்கப் படையினர் 58 ஆயிரத்துச் சொச்சம் பேருக்கும் ஆளுக்கு ஒரு படமாவது தேடி எடுக்க இருபது வருடத்துக்கு மேல் சென்று, 2022இல்தான் முடிந்தது என்று மருமகன் சொன்னார். எத்தனை பேர் எத்தனை வீட்டு அலுமாரியைத் திறந்திருப்பார்கள்! அரசாங்கமும் பணமும் உள்ள இடத்திலேயே அவ்வளவு காலம். பிரித்தானியப் பேரரசின் போர்க் கல்லறைகளைப் பார்க்கிற ஆணைக்குழு 1917இல் தொடங்கினது, பதவி பாராமல் எல்லாருக்கும் ஒரே அளவுக் கல் என்பது அவர்களின் சட்டம். அவர்களே 2021இல், முதலாம் உலகப்போரில் செத்த ஆபிரிக்க, இந்தியப் படையினரில் 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர்வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். நூறு வருடம் கழித்து. எங்களுக்கு ஆணைக்குழுவும் இல்லை, பெயர்களைப் பதிந்த இடாப்பும் ஒருவர் கையில் இல்லை. நீயும் உன்னைப்போல நாலு பிள்ளைகளும் இரவு வேலை முடிந்து வந்து செய்கிறதுதான் எங்கள் இடாப்பு. அதனால்தான் அதில் பிழை இருக்கக்கூடாது என்று இவ்வளவு எழுதுகிறேன்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

வீட்டுப் பெயரை மேலே போடு. அப்பாவின் பெயர், நீர்வேலி, பிறந்த வருடம் 1973, படித்த பள்ளிக்கூடம், போன வருடம், செத்த இடம். இயக்கப் பெயர் அதற்குக் கீழே வரட்டும். சீருடைப் படம் தேடாதே. அப்படிப் படம் போட்டால் சமூக வலைத்தளங்களில் பக்கத்தையே தூக்கிவிடுகிறார்கள், ஒருமுறை உனக்கே நடந்தது. இங்கே அப்படியான பதிவுக்காகப் பிள்ளைகளைப் பிடித்தும் இருக்கிறார்கள். ஆகையால் இங்கே இருக்கிற மாமா, சித்தி, மச்சான்மார் பெயர் ஒன்றும் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். வீரன், தியாகி என்ற பெரிய சொற்களையும் நான் கேட்கவில்லை. அதை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். அவன் உனக்குப் பனங்கிழங்கில் நார் உரித்துத் தந்தது, ரியூசனுக்கு உன்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் போனது, இதையெல்லாம் எழுத உன்னையும் என்னையும் விட்டால் ஆள் இல்லை.

ஒரே இடத்தில் மட்டும் வைத்துவிடாதே. 1981இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97 ஆயிரம் புத்தகம் எரிந்தது. அவற்றில் சிலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை. நீ சொல்வாய், இணையம் எரியாது என்று. நடத்துகிற கொம்பனி மூடினால் அதுவும் சாம்பல்தான். 2005இலிருந்து நூலகம் என்ற மின்னூலகத்தில் எங்கள் ஊர்க் கல்வெட்டுகளையும் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். அண்ணாவுக்கு நீ எழுதுவதைக் கல்வெட்டு மாதிரி ஒன்றாகக் கட்டி அங்கேயும் கொடு, கடதாசியில் அடித்து எனக்கும் ஒன்று அனுப்பு.

இப்போது அந்தச் சுவிஸ்காரரைப் பற்றி. அவர் எழுதினதை அழிக்காதே. "நீங்கள் பிழையாக எழுதிவிட்டீர்கள்" என்றும் எழுதாதே. அவருக்குத் தனியாக எழுது. ஐயா என்று தொடங்கு. நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், உங்கள் சிநேகிதன் எங்கள் அண்ணா இல்லை, அதே பெயருள்ள வேறு பிள்ளை என்று மெதுவாகச் சொல்லு. பிறகு கேள்: அவனுடைய ஊர் எது, கடலோரத்து மயிலிட்டியா, குருநகரா, தீவுப்பக்கமா? வீட்டுப் பெயர் ஒருநாளாவது சொன்னானா? அம்மம்மாவை என்னவென்று கூப்பிட்டான்? அவனுடைய அடையாளத் தகட்டு இலக்கம் நினைவிருக்கிறதா? அந்த அம்மம்மா இப்போது உயிரோடு இருக்கமாட்டா. அப்படியென்றால் அந்தப் பிள்ளை இடக்கைக்காரன் என்று உலகத்தில் அறிந்தவர் அந்த மனிதர் ஒருவர்தான், இப்போது நீயும் நானும். அவனுக்கும் ஒரு பக்கம் செய். பெயர் தெரியும்வரை "பாடுகிற பிள்ளை" என்று போட்டு வை.

கண்டியில் விசாகா தர்மதாச என்று ஒரு தாய். அவவின் மகன் இராணுவத்தில் இருந்து 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சண்டையில் காணாமற்போனவன். அவ மற்றத் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து புலிகளைச் சந்தித்துக் கேட்டா. எல்லாப் படையினரும் அடையாளத் தகடு அணியவேண்டும், செத்தால் இன்னார் என்று தாய்க்குத் தெரியவேண்டும் என்று பாடுபட்டா. நான் அவவைக் கண்டதில்லை. அண்ணா செத்த பூநகரியில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அவர்களின் தாய்மாரில் யாராவது உன் பக்கத்துக்கு வந்து ஒரு சொல் எழுதினால் அதையும் அழிக்காதே. சிங்களத்தில் இருந்தால் எனக்கு அனுப்பு, முன்வீட்டுத் தம்பியின் சிநேகிதன் வாசிப்பான்.

அண்ணாவின் இரசாயனவியல் கொப்பி ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது. வலக்கை எழுத்து, வரி போகப்போக மேலே ஏறும். அதில் ஒரு பக்கத்தையும் தம்பி படம் பிடிக்கிறான், இந்தக் கடிதத்தோடு வரும். அடையாள அட்டைப் படத்துக்குப் பக்கத்தில் அதைப் போடு. குட்டிக்கும் காட்டு, மாமாவின் எழுத்து என்று.

அன்புடன்,
அம்மா