இடுப்பு வலியைத் தள்ளிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 16 வருடமாக ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறேன். சீசனில் ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை, முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் குனிந்தபடியே வேலை. பீஸ் ரேட் என்பதால் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் காசு போகிறதே என்றுதான் மனசு ஓடும். இடுப்பு வலி இந்தத் தொழிலோடு வருவது, அதற்கெல்லாம் டாக்டரிடம் போவார்களா என்று நானும் நினைத்தவள்தான். அப்படி நினைத்து இரண்டு வருடம் வீணாய்ப் போனது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை வலி வந்தபோது மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டேன், கேட்டது. அப்புறம் மாதம் ஒரு செட், பிறகு வாரம் ஒரு செட் என்று ஆகி, வயிறு எரிய ஆரம்பித்த பிறகும் விடவில்லை. கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போய்விடும் என்று ஊரில் சொல்வார்களே, அதையும் செய்து பார்த்தோம். கடைசியில் ஒரு நாள் காலையில் பாயை விட்டு எழ முடியாமல் என் மகள் தூக்கி உட்கார வைத்தாள்.

பக்கத்து மிஷின் அக்கா சொல்லித்தான் கோயம்புத்தூரில் ஒரு கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பி வைத்தியம் செய்பவரிடம், போனேன். போனதும் முறுக்கி எடுப்பார் என்று பயந்துகொண்டு இருந்தேன், ஆனால் அவர் முதலில் கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். காய்ச்சல் வருகிறதா, எடை குறைகிறதா, ராத்திரி படுத்திருக்கும்போது வலி கூடுகிறதா, காலில் மரத்துப் போகிறதா, சிறுநீர் அடக்க முடிகிறதா என்று. முட்டியில் தட்டிப் பார்த்தார், காலைத் தூக்கச் சொன்னார். எல்லாம் பார்த்த பிறகுதான் இடுப்பில் கை வைத்தார். மூன்று வாரத்தில் ஐந்து முறை போனேன். கூடவே இரண்டு பயிற்சியும் தினமும் அரை மணி நேர நடையும் கண்டிப்பாகச் செய்யச் சொன்னார், படுத்தே கிடக்கக் கூடாது என்றார். இப்போது மாத்திரை இல்லாமல் வேலைக்குப் போகிறேன். கையால் சரியானது எவ்வளவு, நடையால் சரியானது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தது என்று நம்புகிறேன்.

இந்தக் கைரோபிராக்டிக் வைத்தியம் புதிதாக முளைத்த விஷயமும் இல்லை. 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கியது. அன்று எல்லா நோய்க்கும் முதுகெலும்புதான் காரணம் என்று அவர் சொன்னதை இன்று அப்படியே ஏற்க முடியாது. ஆனால் இடுப்பு வலிக்குக் கையால் செய்யும் இந்த வைத்தியத்துக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. நாள்பட்ட இடுப்பு வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, மசாஜ் இவற்றோடு இதையும் ஒரு வழியாகச் சேர்த்திருக்கிறது. இடுப்பில் பெல்ட் கட்டுவதை அது பரிந்துரைக்கவில்லை, எங்கள் லைனிலோ பாதிப் பேர் பெல்ட்டோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். யூடியூபில் கழுத்தைத் திருப்பி 'டொக்' என்று சத்தம் வர வைக்கும் வீடியோக்களைப் பார்த்து, அது எலும்பு இடம் மாறிச் சேரும் சத்தம் என்று நம்புகிறவர்கள் நிறைய. அது மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம், அவ்வளவுதான். கழுத்தை வேகமாகத் திருப்பும்போது அபூர்வமாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததும் உண்டு, கழுத்து விஷயத்தில் விளையாடவே கூடாது. எங்கள் தெருவில் ஒருவருக்கு மாதக்கணக்கில் முதுகு வலி, சாயங்காலமானால் காய்ச்சல், யார் யாரோ நீவி இழுத்துவிட்டார்கள், கடைசியில் பார்த்தால் முதுகெலும்பில் காசநோய். ஆரம்பத்திலேயே ஒரு எம்பிபிஎஸ் டாக்டரிடம் போயிருந்தால் அவ்வளவு முற்றியிருக்காது, காசநோய்க்கு அரசு மாத்திரை இலவசம் வேறு. கால் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தாலோ கைரோபிராக்டர், சுளுக்கு எடுப்பவர் என்று எங்கும் நிற்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பிரிட்டனில் 1994-லேயே இதற்கென்று சட்டம் போட்டு, பதிவு செய்யாதவர் கைரோபிராக்டர் என்று போர்டு மாட்ட முடியாதபடி செய்துவிட்டார்கள். நம் ஊரில் வார இறுதிப் பயிற்சிக்குப் போய் வந்தவரும் போர்டு மாட்டலாம், முறையாகப் படித்தவரும் மாட்டலாம், நம்மால் எப்படிப் பிரித்துப் பார்க்க முடியும்? அரசு இதில் ஒரு வழி செய்ய வேண்டும். அதுவரை போகிறவர்கள் என்ன படித்தார், எங்கே படித்தார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேள்வி எதுவும் கேட்காமல் முதுகில் கை வைப்பவரிடமும், முதல் நாளே இருபது சிட்டிங்குக்குப் பணம் கட்டச் சொல்பவரிடமும் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு ஒரு சிட்டிங்குக்கு 800 ரூபாய் ஆனது, எங்களுக்கு உதவியாகக் கைமடிக்கும் வேலை பார்க்கிற பெண்களால் அது முடியாது. எங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி பங்காக 3.25 சதவீதமும் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் போகிறது. பனியன் கம்பெனிகள் நிறைந்த பகுதிகளில் இருக்கும் இஎஸ்ஐ மருந்தகம் ஒவ்வொன்றிலும் வாரம் இரண்டு நாளாவது, வேலை முடிந்து வருகிற மாதிரி மாலை நேரத்தில், ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்கார வேண்டும். முதலாளிகள் சாய்மானம் உள்ள நாற்காலி போட வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் எழுந்து நடக்க விட வேண்டும். எங்கள் சூப்பர்வைசரிடம் கேட்டோம், எங்கள் லைனுக்கு மட்டும் எட்டு நாற்காலி வந்திருக்கிறது. இன்னும் நாற்பது ஸ்டூல் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓவர்லாக் டெய்லர் ஒருவர்,
திருப்பூர்